சல்லடைக்குள் ஒரு ஸ்பீக்கர்

கம்பெனியில் இப்போதும் வேலை செய்யும் பெண்கள் ஒரு வாட்ஸாப் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற எங்களையும் அதிலிருந்து நீக்கவில்லை. போன மாதம் அதில் ஒரு படம் போட்டேன். மாவு சலிக்கும் சல்லடையின் வளையம், அதன் நடுவில் சைக்கிள் டியூப் துண்டுகளில் தொங்கும் ஆறரை இன்ச் ஸ்பீக்கர், பின்னால் என் வீட்டுக்காரரின் டிரம் செட். ஸ்பீக்கரை மைக்காக்கி வீட்டிலேயே டிரம்ஸ் பதிவு செய்கிறோம் என்று கீழே எழுதியிருந்தேன். அன்று சாயங்காலம் வரை போன் ஓயவில்லை. ஸ்பீக்கர் பேசத்தானே செய்யும், அது எப்படிக் கேட்கும் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வேறு ஒன்று கேட்டாள். நாங்கள் உட்கார்ந்திருந்த டெஸ்டிங் ரூமில் இப்போது கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்களாம். ஸ்பீக்கரை வைத்த மறுநொடியே நல்லது கெட்டது சொல்லிவிடுகிறதாம். "நீங்கள்லாம் வெறுங்காதாலேயே எப்பிடிக்கா சொன்னீங்க?" என்றாள். அந்தக் கம்ப்யூட்டர் நன்றாகவே வேலை செய்கிறது என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். எங்களுக்குப் பிற்பகலில் காது களைத்துவிடும், அதற்குக் களைக்காது. இரண்டு கேள்விக்கும் ஒரே பதிலாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த ஸ்பீக்கர் கம்பெனியில் நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. முதலில் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றும் மேஜை, பிறகு காகிதக் கூம்பை ஒட்டும் பசை மேஜை. இரண்டிலும் சுமார்தான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், சுவரில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் காட்டி, "இது நாளைக்கு நின்னுடும் பாரு, சத்தம் மாறிப்போச்சு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். பின்னால் தேவசகாயம் சார் கை கழுவிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மறுநாள் மத்தியானம் மின்விசிறி நின்றது. அடுத்த திங்கட்கிழமை என்னை டெஸ்டிங் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயே முப்பத்தோரு வருஷம்.

டெஸ்டிங் ரூம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு குளியலறை அளவு. நான்கு சுவரிலும் தென்னை நார்ப் பாய். நடுவில் ஒரு மரப்பெட்டி, அதன் மேல் பலகையில் வட்ட ஓட்டை. ஸ்பீக்கரை அந்த ஓட்டையில் கவிழ்த்து வைத்து, கைப்பிடியை அழுத்தினால் இரண்டு கிளிப்புகள் அதன் இரண்டு முனைகளையும் கவ்வும். பிறகு வலதுகையால் குமிழைத் திருப்ப வேண்டும். முதலில் அடிவயிற்றில் மட்டும் தெரிகிற ஒரு முனகல் வரும். திருப்பத் திருப்ப அது மேலேறி, புல்லாங்குழல் போலாகி, கொசுவாகி மறையும். எட்டு நொடிக்குள் முடிந்துவிடும். அந்த எட்டு நொடியும் சுத்தமாக இருந்தால் நீல முத்திரை. சுருள் ஒரு மயிரிழை தள்ளி ஒட்டியிருந்தால், முனகலின் ஓரத்தில் ஓர் உரசல் கேட்கும். மண் போகக் கழுவாத கீரையை மெல்லும்போது பல்லில் ஒரு நறநறப்பு தட்டுமே, அது போல. அதற்குச் சிவப்பு முத்திரை. என் முத்திரை எண் பதினான்கு.

தேவசகாயம் சார்தான் தரக்கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பு. நாகர்கோவில் பக்கத்துக்காரர். எங்களைவிட எத்தனையோ வயது பெரியவர் என்றாலும் கம்பெனியில் இருந்த எல்லாப் பெண்களையும் 'நீங்க' என்றுதான் அழைப்பார். டெஸ்டிங் ரூமுக்குள் வருமுன் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைக் கழற்றி, வெளியே இருந்த மேஜையின் கடைசி ஓரத்தில் வைப்பார். உள்ளே அத்தனை காந்தம், கடிகாரம் கெட்டுவிடும். அவர் கடிகாரத்தைக் கழற்றினால் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் தப்பு என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் 'தப்பு' என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஸ்பீக்கரை என் முன்னால் வைப்பார். "மறுபடி கேளுங்க" என்பார். அவ்வளவு மெதுவாகச் சொல்வார், குமிழை நிறுத்தினால்தான் காதில் விழும். நான் கேட்பேன். கண்டுபிடித்துச் சொல்லும் வரை, சுவரில் சாயாமல் நிற்பார்.

அவரிடம் படித்தவற்றில் இரண்டை மட்டும் இங்கே சொல்கிறேன், பின்னால் தேவைப்படும்.

ஒன்று, பேட்டரி வைத்துப் பார்ப்பது. ஸ்பீக்கரின் இரண்டு முனைகளில் ஒன்றுக்குச் சிவப்புப் பொட்டு வைப்போம். எந்த முனைக்கு என்று தெரிந்துகொள்ளச் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சின்ன பேட்டரி போதும். அதைத் தொட்டதும் காகிதக் கூம்பு சற்று வெளியே எழுந்தால், பேட்டரியின் ப்ளஸ் தொடும் முனைக்குத்தான் பொட்டு. உள்ளே அமுங்கினால் பொட்டு மறுமுனைக்கு. ஒரு நாளைக்கு முந்நூறு முறை தொட்டிருப்பேன்.

இன்னொன்று, ஒரு மின்வெட்டு நாளில் நடந்தது. எந்திரம் எல்லாம் நின்று, கம்பெனியே அமைதியாக இருந்தது. சார் ஒரு ஸ்பீக்கரின் முனைகளில் முள் மீட்டரை மாட்டிவிட்டு, "இதுக்குள்ள பேசுங்க வசந்தா" என்றார். என்ன பேசுவதென்று தெரியாமல், "சார், கரண்ட் எப்ப வரும்?" என்றேன். மீட்டரின் முள் நடுங்கியது.

"கரண்ட் குடுத்தா இது அசையும், சத்தம் வரும். சத்தம் குடுத்தாலும் அசையும், அப்ப கரண்ட் வரும். இதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நம்ம கேட்ல வாட்ச்மேன் பேசற பெட்டி இருக்கில்லியா, அதுல தனியா மைக் கிடையாது. நம்ம மூணு இன்ச் ஸ்பீக்கர்தான் பேசவும் செய்யுது, கேக்கவும் செய்யுது."

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் கழித்துப் பயன்படும் என்று நினைக்கவில்லை.

குணசுந்தரி விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பசை மேஜையில் என் கூட இருந்தவள், நெருங்கிய சிநேகிதி. அவள் புருஷன் மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம், இவள் ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு அப்படியே வேலைக்கு வருவாள். கை நடுங்கும். அவள் ஒட்டிய ஸ்பீக்கர்களில் உரசல் வர ஆரம்பித்தது. லேசான உரசல்தான். வேறு யார் காதிலும் விழாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பதினோரு ஸ்பீக்கர்களுக்கு நீல முத்திரை குத்தினேன். சிவப்பு விழுந்தால் அவளைக் கேள்வி கேட்பார்களே என்ற பயம்.

பதினைந்து நாள் கழித்து சார் வாசலில் கடிகாரத்தைக் கழற்றினார். திரும்பி வந்த ஸ்பீக்கர்கள் மூன்றை வரிசையாக என் முன் வைத்தார். மூன்றின் முதுகிலும் நீலத்தில் பதினான்கு.

"மறுபடி கேளுங்க."

கேட்டேன். "உரசுது சார்" என்றேன்.

"அன்னைக்கும் கேட்டுச்சா?"

பொய் சொல்ல வரவில்லை. "கேட்டுச்சு சார்."

அவர் மூன்று ஸ்பீக்கர்களையும் ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தப் பிள்ளையை அன்னைக்கே பேக்கிங்குக்கு மாத்தியிருப்பேன். அங்க கை நடுங்கினா ஒண்ணும் இல்ல. இப்ப பாருங்க, பதினஞ்சு நாள் அந்தக் கையோட பசை மேஜைல கிடந்து கஷ்டப்பட்டிருக்கு" என்றார்.

மெமோ எதுவும் வரவில்லை. குணசுந்தரியை ஒரு மாதம் பேக்கிங்கில் உட்கார வைத்தார்கள். புருஷன் தேறி வீட்டுக்கு வந்ததும் பழைய மேஜைக்கு வந்துவிட்டாள். ஆனால் அன்று நான் வீட்டுக்குப் போகும் ரயிலில் அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை தலை நிமிரவில்லை. உதவி செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் பாஸ்கர், மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். பகலில் லோடு ஆட்டோ ஓட்டுவார், முகூர்த்த நாட்களில் அதே ஆட்டோவில் டிரம் செட்டை ஏற்றிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போவார். திருநின்றவூரிலிருந்து வானகரம் வரை அவர் வாசிக்காத கல்யாண மண்டபம் குறைவு. நான் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் அவருக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் ஆனது. படியேறி மேடைக்குப் போவது நின்றது. டிரம் செட்டு ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தது.

பூந்தமல்லியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ரஃபி, முன்பு இவர் கூடவே கீபோர்டு வாசித்தவர். அவர் ஒருநாள் வந்தார். "அண்ணாத்தே, இப்பல்லாம் யாரும் ஸ்டூடியோவுக்கு வர்றதில்ல. அவங்கவங்க ஊட்லயே வாசிச்சு அனுப்பிடறாங்க. நீயும் ஊட்லருந்தே வாசி" என்றார். ஒரு மைக்கையும், லேப்டாப்போடு சேர்க்கும் ஒரு சின்ன பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பெட்டியில் இரண்டு மைக் செருகலாம். எங்களிடம் இருந்தது ஒன்று.

முதலில் அவர் கொடுத்தது ஒரு சர்ச் பாட்டு. மைக்கை டிரம் செட்டுக்கு மேலே கம்பியில் கட்டி, மாடியில் குடியிருப்பவர்கள் வேலைக்குப் போன பிறகு, பதினோரு மணிக்கு வாசித்து அனுப்பினோம். ரஃபி போன் செய்தார். நல்ல மனுஷன், சொல்லத் தயங்கினார்.

"அண்ணாத்தே, எல்லாம் நல்லா கீது. கிக் மட்டும் கேக்கவே இல்ல. அட்டப் பெட்டிய தட்ன மாதிரி கீது."

கிக் என்பது காலால் அடிக்கும் பெரிய டிரம். பாட்டுக்கு நெஞ்சுத் துடிப்பு மாதிரி அதுதான். வலது காலால் மிதிக்க வேண்டும். ஆபரேஷன் ஆன கால்.

இவர் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். "கால் பூட்ச்சு வசந்தா. அவன் டீசன்டா சொல்றான்." உள்ளே போய் ஒரு பெட்ஷீட் எடுத்து வந்து டிரம் செட்டின் மேல் போர்த்தினார். மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே, "பட்டாபிராம்ல ஒருத்தன் பழைய செட்டு கேட்டுகினு இருந்தான். அவன் நம்பரைத் தேடணும்" என்றார்.

எனக்குத் தெரிந்து அவர் கால் அந்த அளவுக்குப் போகவில்லை. அறையில் நின்று கேட்டபோது அடி என் மார்பில் வந்து விழுந்தது. ரெக்கார்டிங்கில்தான் அது இல்லை. "கால்ல ஒண்ணுமில்லீங்க, மைக்லதான் ஏறல" என்றேன்.

"நீ சொல்லுவ. பொண்டாட்டி வேற இன்னா சொல்லுவா?"

அது எனக்குச் சுருக்கென்றது. கிக்குக்கென்று தனியாக மைக் உண்டு என்று ரஃபி சொன்னார், அதன் விலை எங்களுக்கு ஆகாது. அன்று மத்தியானம் பரணிலிருந்து பழைய பாட்டுப் பெட்டியை இறக்கி, அதிலிருந்த ஆறரை இன்ச் ஸ்பீக்கரைக் கழற்றினேன். காகிதம் கிழியவில்லை, விரலால் அழுத்தினால் உரசாமல் உள்ளே போய் வந்தது. சின்ன மைக்கின் சவ்வு நகம் அளவுதான் இருக்கும். இதன் காகிதமோ உள்ளங்கையைவிடப் பெரிது. பெரிய டிரம் தள்ளும் காற்றை வாங்கப் பெரிய காகிதம்தானே வேண்டும்.

செய்முறை கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மைக் ஒயரின் ஒரு நுனியை வெட்டினால் உள்ளே இரண்டு கம்பிகளும், சுற்றி ஒரு வலையும் இருக்கும். இரண்டு கம்பிகளையும் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளில் பற்றவைத்தேன், ப்ளஸ் கம்பியைப் பழக்கப்படி சிவப்புப் பொட்டு முனையில். வலையை ஸ்பீக்கரின் இரும்புச் சட்டத்தில் சேர்த்தேன். ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் தரையின் அதிர்வெல்லாம் ஏறும், அதனால் தொங்கவிட வேண்டும். பழைய சல்லடையின் கம்பி வலை ஏற்கெனவே பிய்ந்திருந்தது, மிச்சத்தையும் பிய்த்துவிட்டு, வளையத்தின் நான்கு பக்கத்திலிருந்தும் சைக்கிள் டியூப் துண்டுகளால் ஸ்பீக்கரை இழுத்துக் கட்டினேன். வளையத்தை இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்தி, பெரிய டிரம்மின் முன் தோலுக்கு நான்கு விரல் தள்ளி வைத்தேன். ரஃபியின் பெட்டியில் சில மைக்குகளுக்குக் கரண்ட் அனுப்ப நாற்பத்தெட்டு வோல்ட் என்று ஒரு சுவிட்ச் உண்டு, ஸ்பீக்கருக்கு அது வேண்டாம், அணைத்துவிடுங்கள். சத்தக் குமிழையும் அடியில் வைத்துத் தொடங்குங்கள். நீங்கள் நினைப்பதைவிட ஸ்பீக்கர் நிறையவே கரண்ட் கொடுக்கும்.

இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாமே, ஸ்பீக்கரைப் போயி டிரம்முக்கு முன்னால கட்டிகினு கீற?"

"சும்மா ஒரு தடவ மிதிங்க."

பெட்ஷீட்டை முழுசாக எடுக்காமல், மேலே மடித்துவிட்டு உட்கார்ந்தார். நான்கு முறை மிதித்தார். ஹெட்போனில் ஸ்பீக்கரை மட்டும் தனியாகக் கேட்டேன். கனமான, உருண்டையான அடி. அதை அவர் காதில் மாட்டினேன். பெட்ஷீட் முழுசாகத் தரைக்கு வந்தது.

பாட்டு முழுவதையும் வாசித்தோம். முதல் தடவை நடுவில் ஒரு மின்சார ரயில் போனது. ஹாரன் சத்தம் ஸ்பீக்கரில் ஏறவில்லை, கூர்மையான சத்தத்துக்கு அது செவிடு. ஆனால் சக்கரத்தின் உறுமல் அப்படியே ஏறியிருந்தது. பாட்டுக்கு அடியில் ஒரு ரயில் ஓடியது. அதன் பிறகு ரயில் நேரத்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டோம்.

இரண்டாவது தடவை சுத்தமாக வந்தது. மேலே இருந்த மைக்கையும் ஸ்பீக்கரையும் சேர்த்து ஓடவிட்டேன். கிக்கைக் காணோம். தனியாகக் கேட்டால் மலை போல இருக்கிறது, சேர்த்துக் கேட்டால் பழைய அட்டைப் பெட்டி.

"பாத்தியா?" என்றார் இவர். கோபமில்லை, களைப்புதான். "நீ இன்னா பண்ணாலும் அங்கதான் வந்து நிக்கிது. உடு."

நான் அரிசி களையப் போனேன். தண்ணீரில் கை இருக்கும்போதுதான் தோன்றியது. முப்பத்தோரு வருஷம் நான் பார்த்ததெல்லாம் காகிதம் வெளியே வருவதை. எங்களுக்கு அதுதான் ப்ளஸ். இங்கே டிரம் அடித்தால் காற்று வந்து காகிதத்தை உள்ளே அல்லவா தள்ளும்? அப்படியானால் பொட்டு வைத்த முனையில் வருவது தலைகீழ். மேலே இருக்கும் மைக் தள்ளும் நேரத்தில் இது இழுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.

ஈரக் கையோடு வந்து, சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றித் தொட்டுப் பார்த்தேன். காகிதம் வெளியே எழுந்தது. "இப்ப ஒரு மிதி மிதிங்க" என்று காகிதத்தின் மேல் விரலை லேசாக வைத்தேன். முதல் அசைவு உள்நோக்கித்தான். இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தேன். மறுபடி வாசித்து, இரண்டையும் சேர்த்து ஓடவிட்டபோது, என் மார்பில் விழுந்த அதே அடி ஹெட்போனில் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பாட்டில் பல இடங்களில் கிக்கை அடுத்தடுத்து இரண்டு முறை, வேகமாக மிதிக்க வேண்டியிருந்தது. முன்பு எதுவுமே கேட்காததால் தெரியவில்லை. இப்போது எல்லாம் தெரிந்தது. முதல் அடி முழுசாக விழுந்தது. இரண்டாவது அடி பாதிதான் வந்தது. பாட்டின் கடைசியில் அது கால்வாசியாகிவிட்டது.

இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா? நல்லா கீதா?"

சொல்லாமல் இருக்கலாம். ரஃபி கம்ப்யூட்டரில் ஏதாவது செய்து சரிக்கட்டிவிடுவார். இவரும் அன்று நிம்மதியாகச் சாப்பிடுவார். ஆனால் எனக்கு வேறு ஒன்றும் தெரிந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு காலுக்குப் பயிற்சி செய்ய ஆஸ்பத்திரியில் ஒரு நீல ரப்பர் பட்டை கொடுத்திருந்தார்கள். நான்கு மாதமாக அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. தினமும் பார்க்கிறேன். மேடை போன துக்கத்தில் இருக்கிறார், இதையும் ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டிருந்தேன்.

"மொத அடி நல்லா கீதுங்க. ஒரு குறையும் இல்ல. ரெண்டாவது அடி பாதிதான் வருது. கடைசில அதுவும் இல்ல."

ஹெட்போனைக் கழற்றினார். "அப்ப கால்தான்."

"மைக்கும்தான், காலும்தான். மைக்கை நான் பாத்துட்டேன். அந்த ரப்பரை நீங்க தொட்டு நாலு மாசம் ஆச்சு. நான் அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

அவர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். குழம்பு கொதித்து அடங்கியது. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஏரிக்கரைப் பூங்காவரை நடந்திருக்கிறார், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. உள்ளே வந்ததும் கதவுக்குப் பின்னால் கைவிட்டுப் பட்டையை எடுத்தார். சோபாவில் உட்கார்ந்து காலில் மாட்டிக்கொண்டு, "எத்தினி சொன்னாங்க, இருவதா முப்பதா?" என்று கேட்டார்.

"முப்பது. ரெண்டு வேளை."

"உனுக்கு எல்லாம் ஞாபகம் கீது" என்று இழுக்க ஆரம்பித்தார்.

ரஃபியிடம் நானே போன் செய்து உள்ளதைச் சொன்னேன். "சர்ச்சுக்காரங்களுக்கு அவசரமில்ல அண்ணி. மூணு வாரம் எடுத்துக்கட்டும்" என்றார். அந்த மூன்று வாரமும் இவர் தினம் காலையும் மாலையும் பட்டையை இழுத்தார். பதினோரு மணிக்கு வாசித்து, தானே ஹெட்போனில் கேட்டார். முன்பெல்லாம் தன் வாசிப்பை அவர் திரும்பக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கக் கேட்க வாசிப்பையே மாற்றினார். "எல்லா எடத்துலயும் ரெண்டு அடி இன்னாத்துக்கு? பாடறவன் மூச்சு வாங்கட்டும். கடைசில மட்டும் வெச்சுக்கறேன்" என்றார். முழுதும் ஒற்றை அடியாகப் போய், கடைசியில் மட்டும் இரட்டை அடி விழும்போது பாட்டு சட்டென்று எழுந்து நின்றது. கால் முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் போதுமான பலம் வந்திருந்தது, அதை அவர் தெரிந்து வைத்துக்கொண்டு வாசித்தார்.

பாட்டு முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஃபி காரில் வந்தார். பன்னிரண்டு மணி இருக்கும். வீட்டுக்குள் வராமல், "காருலயே கேக்கலாம் அண்ணாத்தே, இங்கதான் சவுண்டு நல்லா கீது" என்றார். இவர் முன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தார், நான் பின்னால். ரஃபி பாட்டைப் போட்டார்.

இவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பகுதி வந்ததும் கை நின்றுவிட்டது. பாட்டு முடிந்ததும், "இன்னொரு தபா போடு" என்றார். மூன்று தபா போடவைத்தார்.

பாட்டு ஓய்ந்ததும் நான் சொன்னேன், "ரஃபி, இந்த இடது பக்கக் கதவு ஸ்பீக்கர்ல சுருள் உரசுது. மாத்திடுங்க."

ரஃபி மறுபடி பாட்டை ஓடவிட்டு, காதைக் கதவில் வைத்துப் பார்த்தார். அவருக்குக் கேட்கவில்லை. இவருக்கும் கேட்கவில்லை. இவர் சீட்டில் அரைவாசி திரும்பி என்னைப் பார்த்தார், ஏதோ புதிதாக வந்த ஆளைப் பார்ப்பதுபோல.

"அத்த எப்டி கண்டுபுட்ச்ச?"

"அதுதானே என் வேலை."

"உன் வேலைன்னா ஸ்பீக்கர் செய்யறதுன்னு மட்டுந்தான் தெரியும். அங்க போயி தினம் இன்னா பண்ணுவ, எங்க குந்துவ, எப்டி கேப்ப, நான் ஒரு தபாகூடக் கேட்டதில்ல இல்ல?"

"நீங்க வாசிச்சதை நான் எத்தனை கச்சேரியில வந்து கேட்டிருக்கேன்? எல்லாத்துக்கும் மறுநாள் ஷிஃப்ட் இருந்தது" என்றேன்.

ரஃபி புறப்பட்டுப் போனார். நாங்கள் உள்ளே வந்தோம். தட்டை எடுத்து வைக்கப் போனவளை இவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "சொல்லு" என்றார். "மொத நாள்ல இருந்து சொல்லு."

சுவரில் நின்றுபோன மின்விசிறியில் ஆரம்பித்தேன். அன்று நாங்கள் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டபோது மணி நாலு.